மார்ச்சா, மைக்ராவா? ஏகே12-க்குச் சென்னைச் சாமான் பொருந்துமா?

வவுனியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது: "என்னிடம் இருப்பது 2004 நிசான் மார்ச், ஏகே12. சென்னையில் மைக்ரா என்ற பெயரில் இதே கார் ஓடியதாம். அங்கேயிருந்து சாமான் எடுப்பித்தால் பொருந்துமா? மார்ச், மைக்ரா, கே11, கே12, கே13 என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானா?"

பொருந்தாது, தம்பி. சென்னையில் ஓடிய மைக்ரா கே13. உங்களுடையது கே12; ஏகே12-இல் முன்னால் இருக்கும் 'ஏ' இன்ஜினை மட்டும் குறிக்கிறது. இரண்டுக்கும் தளம் (வண்டியின் அடிக்கட்டமைப்பு) வேறு, இன்ஜின் வேறு, பாடி வேறு. இந்தியாவில் கே12 விற்கப்படவே இல்லை. பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

மார்ச், மைக்ரா என்ற பெயர்களை வைத்து எதையும் முடிவு செய்யவும் முடியாது. ஜப்பானில் மார்ச் என்று விற்ற காரைத்தான் ஐரோப்பாவில் மைக்ரா என்று விற்றார்கள். அப்புறம் தாய்லாந்து, மெக்சிகோ, பிரேசில், சீனா எல்லாம் மார்ச் பக்கம் போய்விட்டன. இந்தியாவும் கனடாவும் மைக்ரா பக்கம். பெயர் அந்தந்த ஊர் விற்பனைக்காரரின் விருப்பம். பார்க்க வேண்டியது இரண்டு: கே-க்குப் பின்னால் என்ன எண் (அதுதான் தலைமுறை), வண்டி எந்த ஊர் ஆலையில் பிறந்தது. இரண்டாவதை யாரும் கேட்பதில்லை. ஆனால் பாதித் தலைவலி அங்கேதான் தொடங்குகிறது.

முதல் தலைமுறை கே10. 1981 டோக்கியோ கண்காட்சியில் என்எக்ஸ்-018 என்ற பெயரில் காட்டினார்கள். மக்களிடம் பெயர் கேட்டுப் போட்டி வைத்து 'மார்ச்' என்று சூட்டி, 1982 அக்டோபரில் விற்பனைக்கு விட்டார்கள். வடிவமைப்பு இத்தாலியரான ஜார்ஜெட்டோ ஜுஜாரோவுடையது. 987 சிசி அலுமினிய இன்ஜின், பெட்டி மாதிரி உடம்பு, எடை 600 கிலோ சொச்சம். ஜப்பானில் இதன் விளம்பரத்துக்கு வந்தவர் பாடகர் மசாஹிகோ கோண்டோ. ரசிகர்கள் அவரை 'மட்சி' என்று கூப்பிடுவார்கள். 'மட்சியின் மார்ச்' என்ற வாசகம் அங்கே பட்டிதொட்டியெல்லாம் பரவியது. ஐரோப்பாவுக்கு அடுத்த ஆண்டு போனபோது முதலில் டட்சன் மைக்ரா. டட்சன் என்ற பெயரையே கம்பெனி ஓரங்கட்டிக்கொண்டிருந்த நேரம் என்பதால், சீக்கிரமே நிசான் மைக்ரா ஆனது.

கே10 சாது வண்டிதான். ஆனால் அதன் வயிற்றிலிருந்து வந்த பிள்ளைகள் சாதுவானவை அல்ல. 1988-இல் ரேலி பந்தயத்துக்காக மார்ச் ஆர் என்று ஒன்று செய்தார்கள். அதையே சாலைக்கு ஏற்றபடி மாற்றி 1989-இல் வந்தது சூப்பர் டர்போ. இன்ஜின் 930 சிசிதான். அதில் சூப்பர்சார்ஜர் ஒன்று, டர்போசார்ஜர் ஒன்று, இரண்டையும் சேர்த்து மாட்டியிருந்தார்கள். மெதுவாக ஓடும்போது பெல்ட்டில் சுழலும் சூப்பர்சார்ஜர் காற்றைத் தள்ளும். வேகம் ஏறியதும் அது விலகிக்கொள்ள, புகையின் விசையில் சுழலும் டர்போ பொறுப்பை எடுத்துக்கொள்ளும். டர்போவுக்கே உரிய அந்தத் தாமதம் தெரியாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. கிடைத்தது 110 குதிரைத் திறன்.

987 சிசி இன்ஜினை எதற்கு 930 ஆகக் குறைத்தார்கள் என்பதில்தான் சுவாரஸ்யம். காற்றைத் திணித்து ஓட்டும் இன்ஜினாக இருந்தால் அதன் கொள்ளளவை 1.7 ஆல் பெருக்கித்தான் எந்தப் பிரிவு என்று முடிவு செய்வார்கள். அன்றைய பந்தய விதி அப்படி. 930-ஐ 1.7 ஆல் பெருக்கினால் 1,581. 1,600 சிசி பிரிவுக்குள் நிற்கும். 987-ஐப் பெருக்கிப் பாருங்கள், 1,678 வரும்; ஒரு படி மேலே பெரிய வண்டிகளோடு மோத வேண்டியிருக்கும். 57 சிசியைத் தியாகம் செய்து ஒரு பிரிவைச் சம்பாதித்தார்கள்.

இதே கே10 அடித்தளத்தின் மேல்தான் பழைய காலத்துத் தோற்றம் கொண்ட மூன்று கார்களையும் வைத்தார்கள். 1987-இல் பி-1, மொத்தம் 10,000 வண்டி மட்டும். 1989-இல் பாவோ. 1991-இல் ஃபிகரோ, மடக்கும் துணிக்கூரையோடு. ஃபிகரோவுக்கு வந்த கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் குலுக்கல் போட்டுத்தான் கொடுத்தார்கள், மொத்தம் 20,000. ஜப்பானுக்காக மட்டும் செய்த கார் அது. ஆனால் பிற்பாடு பழைய வண்டியாகக் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய் அங்கே செல்லப்பிள்ளை ஆகிவிட்டது. பார்த்தால் ஐம்பதுகளின் ஐரோப்பிய கார் மாதிரி இருக்கும். பானட்டைத் திறந்தால் மார்ச்சின் அதே 987 சிசி இன்ஜின், ஒரு டர்போவும் மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கும் கூட. வேகத்தை எதிர்பார்த்து வாங்குகிறவர் ஏமாந்துதான் போவார்.

1992 ஜனவரியில் கே11. என் கணக்கில் இந்தக் குடும்பத்திலேயே சரியாகச் செய்த வண்டி இதுதான். மூலைகளெல்லாம் உருண்டு, 1.0 மற்றும் 1.3 லிட்டரில் 16 வால்வு இன்ஜின்கள். வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் கே10-இல் இருந்தது; அது போய் செயின் வந்தது. அந்த ஆண்டு ஜப்பானின் சிறந்த கார் விருதை வாங்கியது. அதோடு நிற்காமல் 1993-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருதையும் தட்டிக்கொண்டு வந்தது. ஐரோப்பிய விருதை வாங்கிய முதல் ஜப்பானிய கார் இதுதான். ஐரோப்பியர்கள் அவ்வளவு எளிதில் கொடுத்துவிடுகிற விருது அல்ல அது. இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் ஆலையில் அவர்கள் கையாலேயே செய்த வண்டி என்பதும் மனத்தை இளக்கியிருக்கலாம்.

இங்கேதான் 'எந்த ஊர் ஆலை' என்ற கேள்வி முதன்முறையாகப் பெரிதாகிறது. கே10 ஐரோப்பாவுக்கு ஜப்பானிலிருந்து போனது. கே11 முதல் ஐரோப்பிய மைக்ரா சண்டர்லேண்டில் பிறந்தது. அங்கே பெஜோ குழுமத்தின் 1.5 டீசல் இன்ஜினையும் பொருத்தி விற்றார்கள். ஜப்பான் மார்ச்சில் டீசல் கிடையாது. தைவானில் யூலான் கம்பெனி தனியாகச் செய்து, ஜப்பானில் நிறுத்திய பிறகும் பல ஆண்டு விற்றது. தொயாமாவில் இருக்கும் மிட்சுவோகா என்ற சிறிய கம்பெனி கே11-ஐ வாங்கி, முன்னும் பின்னும் வெட்டி, அறுபதுகளின் ஜாகுவார் முகத்தை ஒட்டி 'வ்யூட்' என்று விற்றது. தூரத்தில் பார்த்தால் ஏதோ ஆங்கிலேயப் பிரபுவின் கார். கிட்டே போய்க் கதவுக் கைப்பிடியைப் பார்த்தால் மார்ச்! கே12, கே13 வந்தபோதும் மிட்சுவோகா அதே வேலையைத் தொடர்ந்தது.

கே11 வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து சிவிடி (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸில் காந்தத்தூள் கிளட்ச் இருக்கும். அது போனால் சரி செய்யத் தெரிந்தவர் அரிது. மேனுவல் கிடைத்தால் மேனுவல் எடுங்கள்.

இனி உங்கள் வண்டி. கே12 ஜப்பானில் 2002-இல் வந்தது. தவளைக்கண் மாதிரி பானட்டுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும் ஹெட்லைட். ஓட்டுகிறவர் இருக்கையிலிருந்தே அந்த விளக்கின் மேல்முனை தெரியும், வண்டி எங்கே முடிகிறது என்று பார்க்கிங்கில் கணிக்க வசதி. இலங்கையில் இதை 'பீட்டில்' என்று கூப்பிடுவதற்கும் இந்த உருண்டைத் தோற்றம்தான் காரணம். பிரெஞ்சுக் கம்பெனியான ரெனோவும் நிசானும் கூட்டுச் சேர்ந்த பிறகு வந்ததால், பி தளம் என்று ஒரே தளத்தை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். ரெனோவின் மூன்றாம் தலைமுறை க்ளியோவும், நிசானின் க்யூப், நோட் கார்களும் இந்தத் தளத்துச் சொந்தக்காரர்கள்.

ஜப்பான் வண்டியின் தகட்டில் இருப்பதைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். பானட்டைத் திறந்து, இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பாருங்கள். 'யூஏ-ஏகே12' (UA-AK12) அல்லது 'டிபிஏ-ஏகே12' (DBA-AK12) என்று இருக்கும். கோட்டுக்கு முன்னால் இருப்பது புகை விதிமுறைப் பிரிவு. உதிரிப்பாகத்துக்கு அது முக்கியமில்லை. கோட்டுக்குப் பின்னால் வரும் எழுத்து இன்ஜினைச் சொல்கிறது. வெறும் கே12 என்றால் 1.0 லிட்டர். ஏகே12 என்றால் 1.2. பிகே12 என்றால் 1.4. ஒய்கே12 என்றால் பின்னால் வந்த 1.5. இதே எழுத்துமுறை க்யூபிலும் உண்டு: பிஇசட்11 என்றால் அதே 1.4 இன்ஜின் என்று அர்த்தம். நடுவில் 'என்' (N) என்ற எழுத்து வந்தால், பிஎன்கே12 மாதிரி, அது நான்கு சக்கர இயக்கம். மார்ச்சில் அது ஒரு விசித்திரமான ஏற்பாடு: பின் சக்கரங்களுக்கு இன்ஜினிலிருந்து தண்டு போகாது, தனியே ஒரு மின்மோட்டார் சுழற்றும், அதுவும் தேவைப்படும்போது மட்டும். பனி கொட்டும் ஹொக்கைடோவில் வண்டி நகரத் தொடங்குவதற்காகச் செய்தது. வவுனியாவில் அதற்கு வேலையில்லை, பழுது வந்தால் செலவுதான். அப்படிப்பட்ட வண்டி மலிவாகக் கிடைத்தாலும் தாண்டிப் போய்விடுங்கள்.

சண்டர்லேண்டில் செய்த கே12-க்கு வேறு கணக்கு. அதில் ரெனோவின் 1.5 டீசல் உண்டு, 1.6 பெட்ரோல் உண்டு, கண்ணாடிக்கூரை மடங்கி டிக்கிக்குள் போகும் மைக்ரா சி+சி உண்டு. அந்தக் கூரையைச் செய்தது ஜெர்மனியின் கார்மன். 2007-இல் இதில் 1,500 வண்டிகளை ஜப்பானுக்கே இறக்குமதி செய்தார்கள், மைக்ரா என்ற பெயரிலேயே. ஆக, மார்ச்சின் சொந்த ஊரிலேயே ஒரு மைக்ரா ஓடியது. பெயரை நம்பாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

2010-இல் கே13 வந்தது. எல்லாம் தலைகீழானது. அதுவரை ஜப்பானிலும் இங்கிலாந்திலும் செய்துகொண்டிருந்த காரை, இரண்டு இடத்திலும் நிறுத்திவிட்டார்கள். வி தளம் என்று புதிதாக ஒன்று. பாகங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, செலவு குறைந்த நாடுகளில் செய்வதற்கென்றே திட்டமிட்டது. முதலில் தாய்லாந்து. அங்கே அரசாங்கம் 'ஈகோ கார்' என்று வரிச்சலுகை வைத்திருந்தது. லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. அந்தத் திட்டத்தில் வந்த முதல் கார் மார்ச்தான். ஜப்பானியர் வாங்கிய கே13 மார்ச் எல்லாம் தாய்லாந்திலிருந்து கப்பலில் வந்தவை. ஜப்பானின் சொந்தச் சிறு கார் வெளிநாட்டில் செய்யப்பட்டு ஜப்பானுக்குள் வருவது அங்கே பெரிய பேச்சாக இருந்தது. அடுத்து சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடம். அப்புறம் சீனா, மெக்சிகோவின் அகுவஸ்காலியென்டெஸ், 2014-இல் பிரேசிலின் ரெசென்டே.

ஒரகடத்தில் செய்த மைக்ரா இந்தியாவில் விற்றதைவிட அதிகம் பேசப்பட்டது அதன் ஏற்றுமதியால்தான். எண்ணூர்த் துறைமுகத்தில் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது. லண்டனில் 2012-இல் ஒருவர் புது மைக்ரா வாங்கியிருந்தால் அது காஞ்சிபுரம் மாவட்டத்தில் பிறந்த வண்டி. ஐரோப்பாவுக்குப் போனதில் டிஐஜி-எஸ் என்று ஒரு வகை: மூன்று சிலிண்டர் 1.2 லிட்டர் இன்ஜினுக்கு சூப்பர்சார்ஜர், நேரடி எரிபொருள் செலுத்தல், 98 குதிரைத் திறன். கிலோமீட்டருக்கு 95 கிராம் கரியமிலவாயு மட்டும் என்பதால் லண்டன் நகரத்துக்குள் நுழையும் நெரிசல் கட்டணம் அதற்கு அப்போது கிடையாது. ஒரகடத்தில் செய்தார்கள், ஆனால் அந்த இன்ஜினை இந்தியாவில் விற்கவில்லை. இந்தியாவுக்கு 76 குதிரைத் திறன் சாதாரண 1.2 பெட்ரோல், 64 குதிரைத் திறன் 1.5 டீசல், அவ்வளவுதான். காரணம் வரி: நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் 1,200 சிசிக்குள், டீசல் 1,500 சிசிக்குள் இருந்தால் சிறு காருக்கான வரி. பெட்ரோல் 1,198 சிசி, டீசல் 1,461 சிசி. எல்லாம் கோட்டுக்குள்ளே.

கே13-இன் கூரையை மேலிருந்து பார்த்தால் பூமராங் வடிவில் பள்ளம் அழுத்தியிருக்கும். அலங்காரம் என்று நினைப்பார்கள். தட்டையான தகடு மெலிந்தால் அதிரும், சத்தம் போடும். இப்படி மடிப்பு கொடுத்தால் மெல்லிய தகடே விறைப்பாக நிற்கும், எடையும் குறையும். காசு மிச்சம் பிடிக்கிற புத்தியில் இது நல்ல புத்தி. உள்ளே டேஷ்போர்டில் மிச்சம் பிடித்தது அப்படியில்லை. கே12-இல் உட்கார்ந்து பழகியவர்களுக்கு கே13-இன் பிளாஸ்டிக் ஒரு படி இறக்கம்தான். ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் இதே குறையைத்தான் சொன்னார்கள், விற்பனையும் அதற்கேற்பத்தான் இருந்தது.

ஒரே கே13-க்குள் எத்தனை வேறுபாடு என்பதற்குக் கனடாவைப் பாருங்கள். அங்கே 2014-இல் மெக்சிகோவில் செய்த மைக்ராவை 9,998 கனடிய டாலருக்கு விட்டார்கள். நான்கு சிலிண்டர் 1.6 லிட்டர், 109 குதிரைத் திறன். கியூபெக்கில் அதை வைத்தே மைக்ரா கப் என்று பந்தயம் நடத்தினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் மைக்ரா எந்தக் காலத்திலும் விற்கப்படவில்லை. பிரேசிலில் எத்தனாலும் குடிக்கும் இன்ஜின். ஜப்பானில் 1.5 லிட்டர், ஐந்து கியர் மேனுவலோடு 'நிஸ்மோ எஸ்' என்ற விரைவு வகை. ஒரகடத்திலேயே ரெனோ முகத்தை ஒட்டி 2012 முதல் பல்ஸ். பல்ஸ் வேறு, மைக்ரா வேறு என்று யாராவது விலை சொன்னால் பானட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

2016 பாரிஸ் கண்காட்சியில் கே14. இது முழுக்க ஐரோப்பியருக்கு. உற்பத்தி பிரான்ஸில் ரெனோவின் ஃபிளான் ஆலைக்குப் போனது, ஒரகடம் அந்த வேலையை இழந்தது. நீளம் 3,999 மில்லிமீட்டர். இந்திய வரிக்கோட்டுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது, ஆனால் இந்தியாவுக்கு வரவே இல்லை. அகலம் 1.7 மீட்டரைத் தாண்டிவிட்டதால் ஜப்பானில் சிறு கார் பிரிவுக்குள்ளும் நிற்காது. அங்கே கே13-ஐயே 2022 வரை ஓட்டி, அதோடு மார்ச் என்ற பெயரை 40 ஆண்டுக்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள். இந்தியாவில் 2020-இல் பிஎஸ்6 என்ற புகை விதி வந்தபோதே மைக்ரா போய்விட்டது. 2025-இல் அறிவித்த புது மைக்ரா மின்சார வண்டி. ரெனோ 5-இன் இரட்டைப்பிறவி, பிரான்ஸின் டுவே ஆலையில். அதே ஆண்டு ஒரகடம் ஆலையில் தனக்கிருந்த 51 சதவீதப் பங்கை ரெனோவிடம் கொடுப்பதாகவும் நிசான் அறிவித்தது.

சரி, உங்களுக்கு வேண்டிய சாமான். 17 எழுத்து சேஸிஸ் நம்பர் உள்ள வண்டியாக இருந்தால் முதல் மூன்று எழுத்து ஆலையைச் சொல்லும்: எஸ்ஜேஎன் (SJN) என்றால் சண்டர்லேண்ட், எம்டிஹெச் (MDH) என்றால் இந்தியா, எம்என்டி (MNT) என்றால் தாய்லாந்து, 3என்1 (3N1) என்றால் மெக்சிகோ. உங்கள் வண்டி ஜப்பான் உள்நாட்டு வண்டி என்பதால் இந்த 17 எழுத்து இருக்காது. 'ஏகே12' என்று தொடங்கிப் பின்னால் எண் வரும் ஃபிரேம் நம்பர்தான். எம்டிஹெச் என்று தொடங்கும் வண்டியிலிருந்து கழற்றிய எதையும் வாங்காதீர்கள்.

சண்டர்லேண்ட் கே12-இன் பாகம் இங்கிலாந்திலிருந்து வந்தால் யோசிக்கலாம். இங்கிலாந்தும் வலதுகை ஓட்டம், கதவு, கண்ணாடி மாதிரியானவை பெரும்பாலும் ஒத்துவரும். பம்பரும் விளக்கும் அப்படியல்ல. உங்களுடையது 2004 வண்டி. 2005-இல் முகத்தை மாற்றினார்கள், அதனால் முன்பக்கச் சாமானுக்கு 2005-க்கு முந்தையதா என்று கேட்டே வாங்குங்கள். இன்ஜினில் முதலில் பார்க்க வேண்டியது டைமிங் செயின். கே12-இன் 1.2, 1.4 இரண்டிலும் ஆயில் மாற்றாமல் இழுத்தடித்தால் செயின் நீளும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று சத்தம் கேட்கும். செயினை மட்டும் வாங்காமல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் வழிநடத்தும் கைடுகளையும் சேர்த்து வாங்குங்கள். கடைக்காரர் "மார்ச்சுக்கு எல்லாம் ஒன்றுதான்" என்று சொன்னால் தகட்டைப் படமெடுத்துக் காட்டி, ஃபிரேம் நம்பரை முழுதாகக் கொடுத்துப் பாகத்தின் எண்ணைத் தேடச் சொல்லுங்கள். அந்த எண்ணை ரசீதிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுக்கும்போது அதுதான் பேசும்.